சிவப்பு நூல் கட்டிய நெல்

நிஷா,

போனில் ஆளுக்கு ஒரு விதமாக உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள் என்று உன் அண்ணன் ஏசுதாஸ் சொன்னான். அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். முதலில், தப்பாகச் சொல்லப்பட்டதைத் திருத்திவிடுகிறேன். உன் அம்மாவுக்கு மண்டை உடையவில்லை, வலது முழங்கை உடைந்தது. மண்டை உடைந்தது சடையப்பனுக்கு. உடைத்தது ஏசுதாஸ் இல்லை, உன் அக்கா ஷீபா. மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து ஒரே அடி. அவர் சாகவில்லை. இடது கையும் காலும் இன்னும் அசையவில்லை என்கிறார்கள். அக்கா சிறையில் இருக்கிறாள்.

ஒரு நெல்லுச் செடிக்காகவா இவ்வளவும் என்று நீ கேட்பாய். ஆமாம், ஒரு செடிக்காகத்தான். அது என்ன செடி என்று சொல்லாவிட்டால் மற்ற எதுவும் உனக்கு விளங்காது.

நீ குவைத்துக்குப் போன பிறகு, அக்கா வேலை பார்க்கும் ஆராய்ச்சி நிலையம் மானாம்பதியில் கன்னியப்பன் வயலைக் குத்தகைக்கு எடுத்தது. நான் அங்கே அக்காவுக்கு உதவியாள். தண்ணீர் கட்டுவது, எலிக்குப் பொறி வைப்பது, செடிக்கு நம்பர் அட்டை கட்டுவது, இலையைக் கிள்ளி ஐஸ் பெட்டியில் போட்டு பஸ் ஏற்றிவிடுவது என் வேலை. புகையான் பூச்சி உனக்குத் தெரியும். செடியின் அடித்தூரில் தவிடு கொட்டினது மாதிரி ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். வயலில் வட்டம் வட்டமாகத் தீ வைத்த மாதிரி கருகிப்போகும். திருப்புலிவனம் பக்கத்தில் ஒருவர் வைத்திருந்த பழைய நெல் ஒன்றை மட்டும் அது தொடுவதில்லை. தொடாமல் இருக்க வைக்கிற மரபணு அந்த நெல்லின் குரோமோசோமில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைத்தான் அக்கா தேடிக்கொண்டிருந்தாள்.

எனக்கு அவள் சொல்லிப் புரியவைத்தது இப்படி.

"உத்திரமேரூர்லேந்து காஞ்சிபுரம் போவற பஸ் ரூட்டுன்னு வெச்சுக்கோ கலை. அதான் குரோமோசோம். நம்ப ஆளு அந்த ரூட்ல எங்கியோ ஒரு வூட்ல கீறான். எந்த வூடுன்னு தெரியாது. ஸ்டாப்புங்க மட்டும் தெரியும்."

பழைய நெல்லையும் புது நெல்லையும் மகரந்தம் மாற்றிச் சேர்த்தால், அடுத்தடுத்த தலைமுறையில் அந்த ரூட்டு அங்கங்கே அறுந்து, ஒன்றின் துண்டு மற்றதில் ஒட்டிக்கொள்ளும். எந்தச் செடியில் எங்கே அறுந்தது, அந்தச் செடியைப் பூச்சி தின்றதா விட்டதா என்று ஒத்துப் பார்த்தால், நம்ம ஆள் எந்த இரண்டு ஸ்டாப்புக்கு நடுவில் இருக்கிறான் என்று இடத்தைச் சுருக்கலாம். அக்கா வருடக்கணக்காகச் சுருக்கிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு தெருவுக்கு வந்துவிட்டாள். அந்தத் தெருவுக்குள்ளேயே அறுந்த செடி, ஆயிரக்கணக்கான செடிகளில் இரண்டுதான் கிடைத்தது. ஒன்றை எலி அறுத்துவிட்டது. மிச்சம் ஒன்று. அதன் இலைத்துண்டு லேபில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் இலைத்துண்டை வைத்துக்கொண்டு பூச்சி தின்னுமா தின்னாதா என்று பார்க்க முடியாது. அந்தச் செடி முற்றி, அதன் நெல்லை விதைத்து, அதன் மேல் பூச்சியை விட்டால்தான் தெரியும். கதிர் அப்போதுதான் பால் பிடித்திருந்தது.

அந்தச் செடிக்கு அக்கா சிவப்பு உல்லன் நூல் கட்டியிருந்தாள்.

உன் அம்மா ஒரு நாள் மத்தியானம் எங்களுக்குச் சோறு எடுத்துக்கொண்டு வந்தவர், வரப்பில் நின்று அதைப் பார்த்தார்.

"இன்னாடி இது, செவப்பு நூலு கட்டி வெச்சிகீற. புடுங்கறதுக்கா?"

"யம்மா, அதான் என் உசுரு."

"உசுர எவளாச்சும் இப்பிடி வரப்போரமா கட்டிவெப்பாளா? மெரிச்சிட்டுப் பூடுவாளுங்க."

மூன்று பேரும் சிரித்தோம். அதில் என்ன சிரிப்பு என்று உனக்குத் தெரியாமல் இருக்காது, இருந்தாலும் எழுதுகிறேன். பக்கத்து வயல் சடையப்பனுடையது. அவர் போடுவது விதைநெல். விதைநெல் வயலில் வேற்று நெல் ஒரு செடிகூட இருக்கக்கூடாது. அதனால் கலப்பு எடுப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் வயலில் இறங்கி நடப்பார். உயரமாகவோ மணி நுனியில் மீசை வைத்தோ எது வித்தியாசமாக நிற்கிறதோ அதற்கெல்லாம் சிவப்பு நூல் கட்டிவிட்டு வருவார். மறுநாள் காலையில் கலப்பு எடுக்கிற பெண்கள் வரிசையாக இறங்கி, நூல் கட்டினதை முதலில் பிடுங்குவார்கள். பிடுங்கி, முறுக்கி, தலைகீழாகச் சேற்றில் சொருகி, குதிகாலால் மிதித்துவிடுவார்கள். கலப்பு எடுக்கிற கூட்டத்துக்கு எத்தனையோ வருடமாக உன் அம்மாதான் முன்னேர். சிரித்தோமே தவிர, நூலின் நிறத்தை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

சடையப்பனுக்கு எங்கள் வயலைப் பார்த்தாலே எரியும். அதில் ஒன்றும் தப்பில்லை. அவர் வயல் சீப்பு வைத்து வாரின மாதிரி ஒரே மட்டமாக நிற்கும். எங்கள் வயலில் ஒன்று இடுப்பளவு, ஒன்று முழங்காலளவு, ஒன்று கதிர் விட்டு, ஒன்று இன்னும் பச்சையாக. போதாததற்கு நாங்கள் மருந்து அடிப்பதில்லை. பூச்சி வந்தால்தானே எது தாங்குகிறது என்று பார்க்க முடியும்? இந்தப் போகத்தில் பூச்சி எங்களிடம் பெருகி, வரப்பைத் தாண்டி அவர் வயலில் இறங்கிவிட்டது. அவர் அடித்தார், திரும்ப வந்தது. மறுபடியும் அடித்தார். வயலில் இரண்டு இடத்தில் வட்டமாகக் கருகிவிட்டது.

ஒரு நாள் வரப்பில் நின்றுகொண்டு அக்காவிடம் கேட்டார்.

"ஏம்மா டாக்டரு, ஊர்ல கோழி வளக்கறான், பன்னி வளக்கறான். நீ இன்னாத்துக்கும்மா பூச்சி வளக்கற?"

"நஷ்டத்துக்கு ஆபீஸ்ல எழுதிக்கீறேங்க. அறுப்பு வரைக்கும் பொறுத்துக்கோங்க."

"உங்கம்மா எங்க வயல்ல கலப்பு எடுத்துக்கீறா. நீ அதே கலப்ப கொண்டாந்து எங்க பக்கத்துல நட்டுகீற. நல்லா கீதும்மா உங்க குடும்பம்."

அவர் போன பிறகு அக்கா என்னிடம், "அந்தாளு சொல்றதும் நாயந்தான் கலை. இந்த ஒண்ணு முத்திட்டா நானே மருந்தடிச்சி வுட்டுடறேன்" என்றாள்.

முற்றுவதற்குள் விதைச் சான்று அதிகாரி வந்து பார்த்துவிட்டார். பக்கத்து வயல் இப்படி இருந்தால் சான்று கிடையாது, சரிபண்ணி வையுங்கள், மறுபடி வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மறுபடி வரவேண்டிய நாளில்தான் எல்லாம் நடந்தது.

அன்று காலை நானும் அக்காவும் ஏசுதாஸும் ஐஸ் பெட்டியை ஏற்றிவிட உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தோம். நாங்கள் இல்லாதபோது நடந்தது, கலப்பு எடுக்கிற கூட்டத்தில் இருந்த கோவிந்தம்மாள் சொல்லித் தெரியும்.

பெண்கள் சடையப்பன் வயலில் கலப்பு எடுத்து முடித்துக் கரையேறும்போது அவர் சொன்னாராம், "அப்பிடியே அங்காண்டயும் எறங்குங்க. ஒசரமா நிக்கிறது, நூலு கட்டுனது எல்லாத்தையும் புடுங்கி மெரிங்க. அப்பால நான் மருந்து அடிச்சிக்கிறேன்."

உன் அம்மா வரப்பிலேயே நின்றுவிட்டார். "அது எம் பொண்ணு வயலு நைனா. அதுல நான் கால் வெக்க மாட்டேன்."

"உம் பொண்ணு வயலா? எப்ப வாங்குனா? அது எங்க பங்காளி கன்னியப்பன் வயலு. எறங்குடி."

"மாட்டேன். இவளுங்களயும் வுட மாட்டேன்."

சடையப்பன் கையில் மண்வெட்டி இருந்தது. காம்பால் அடித்தார். உன் அம்மா கையைக் குறுக்கே வைத்ததால் அடி முழங்கையில் விழுந்தது. பச்சைக் கரும்பை முறிக்கிற சத்தம் கேட்டது என்று கோவிந்தம்மாள் சொன்னாள். உன் அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். சடையப்பன் மண்வெட்டியை மற்றவர்கள் பக்கம் திருப்பினார். "அடுத்து யாரு?" பெண்கள் இறங்கிவிட்டார்கள். வயலுக்குள் போனதும் கோவிந்தம்மாளின் கண்ணில் முதலில் பட்டது சிவப்பு நூல். அவளுக்குக் கை பழகின வேலை. பிடுங்கி, முறுக்கி, தலைகீழாகச் சொருகி, மிதித்துவிட்டாள்.

இதுவரை கோவிந்தம்மாள் சொன்னது. இனி நான் பார்த்தது.

நாங்கள் வரும்போது பவர் ஸ்ப்ரேயர் எஞ்சின் வரப்பில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வயலில் பாதி காலியாக இருந்தது. ஏசுதாஸ் வண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். சடையப்பனின் மகன் மோகன்குமார் ஹெல்மெட்டைக் கழற்றி அவன் மூஞ்சியில் அடித்தான். மூக்கு உடைந்து சட்டையெல்லாம் ரத்தம். விழுந்தவனை விலாவில் உதைத்துக்கொண்டே இருந்தான். நான் குறுக்கே போனேன். அவர்களுடைய டிராக்டர் டிரைவர் என்னைக் கால்வாயில் தள்ளி முதுகின் மேல் உட்கார்ந்துகொண்டான். நான் பார்த்ததெல்லாம் அவன் முழங்காலுக்குக் கீழிருந்து பார்த்தது.

உன் அம்மா வரப்பில் கையைத் தாங்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தார். "ஷீபா" என்று கூப்பிட்டார். அக்கா அவரைத் தாண்டிக்கொண்டு ஓடினாள். இதை மறைத்து எழுதலாம் என்று நினைத்தேன். நீ எப்படியும் அம்மாவிடமிருந்து கேட்பாய்.

"நூலு கட்டுனது எங்க? செவப்பு நூலு எங்கடி?" கோவிந்தம்மாள் விரலை நீட்டிக் காட்டினாள். அவளுக்கு அப்போதுதான் விளங்கியது போல. "கட்டிகீதேன்னுதாம்மா புடுங்கினேன்" என்று சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

அக்கா சேற்றில் மண்டிபோட்டுத் தோண்டினாள். வரிசையாக வேர்கள் மேலே பார்த்துக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றாக இழுத்தாள். ஒரு தூரில் ஏதோ சுற்றியிருந்தது. அதை வாயில் வைத்து உறிஞ்சிச் சேற்றைத் துப்பினாள். நூல் சிவப்பாகத் தெரிந்தது. செடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்திருக்கப் போனாள். பின்னாலிருந்து சடையப்பன் அவள் பின்னலைப் பிடித்து இழுத்தார்.

"நாலு எழுத்து படிச்சிட்டா நீ வேற ஆளாயிடுவியா? எம் பயிரு கருவுது, நீ பூச்சிக்குப் பால் ஊத்திக்கினு கீற. இந்தா, சேத்த தின்னு."

மூஞ்சியைச் சேற்றில் அழுத்தினார். அவள் கால்கள் உதறின. அழுத்தின கையை அவர் எடுக்கவே இல்லை. ஒரு பெண் "செத்துடப்போவுது நைனா, வுட்டுடு" என்று கத்தினாள். அதன் பிறகுதான் விட்டார். அக்கா மூச்சு வாங்குவதற்குள் செடியைப் பிடுங்கினார். கதிர்களைக் கொத்தாக உருவி எடுத்து, உள்ளங்கையில் வைத்துக் கசக்கினார். பால் பிடித்த நெல் அல்லவா, அவர் கையெல்லாம் வெள்ளையாக வழிந்தது. தூரைக் கீழே போட்டு மிதிக்கக் காலைத் தூக்கினார்.

உன் அம்மாவின் கையை உடைத்த மண்வெட்டி அங்கேயே கிடந்தது. அக்கா அதை எடுத்ததை நான் பார்க்கவில்லை. அடித்ததைப் பார்த்தேன். அவர் தூக்கின காலைக் கீழே வைக்காமலேயே சாய்ந்தார்.

மோகன்குமார் ஏசுதாஸை விட்டுவிட்டு ஓடிவந்து அப்பாவின் தலையை மடியில் வைத்து, "நைனா, நைனா" என்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதான். தண்ணீரில் ரத்தம் பரவிக்கொண்டே போனது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. அக்கா குனிந்து, அவர் தோளுக்கு அடியில் கையை விட்டு, தூரை உருவி எடுத்தாள். அவர் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அவள் அடித்ததைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

போலீஸ் ஜீப்பும் இரண்டு ஆம்புலன்ஸும் முன்னும் பின்னுமாக வந்தன. ஒரு பெண் போலீஸ், "கையில இன்னாம்மா, கீழ போடு" என்றார். அக்கா போடவில்லை. நேராக உன் அம்மாவிடம் வந்து மடியில் வைத்தாள்.

"வேர தண்ணில வையி. மேல அறுத்து வுட்டுடு, அடியிலேந்து துளுக்கும். துளுத்ததும் தூர பிரிச்சி தனித்தனியா நடு. நூலு கட்டாதம்மா."

"எம் மூஞ்சியப் பாத்து சொல்லுடி."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அப்போதுதான் கை அவள் கண்ணில் பட்டது. அது மடங்கக்கூடாத பக்கம் மடங்கியிருந்தது.

"எப்பம்மா ஒடஞ்சிது?"

"நீ தாண்டிக்கினு ஓடுனியே, அப்பவே ஒடஞ்சிதான் கெடந்துது."

அக்காவின் வாய் கோணிக்கொண்டது. அதற்குள் ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

உன் அம்மா, பெண்கள் குடிக்கத் தண்ணீர் வைத்திருந்த வாளியில் தூரை வைத்து, காஞ்சிபுரம் போய்ச் சேருகிறவரை அதை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு வந்தார். பக்கத்து ஆம்புலன்ஸில் சடையப்பன். உன் அம்மாவின் கையில் கம்பி வைத்துக் கட்டினார்கள். வலிக்கு ஊசி போட்டபோதுகூட, "அந்த வாளிய எட்டி ஒதச்சிடப் போறாங்க, நீ காவலுக்கு நில்லு" என்று என்னைத்தான் அதட்டினார்.

தூர் துளிர்த்தது. முதல் இலையைக் கிள்ளி லேபுக்கு அனுப்பினேன். அதே செடிதான், அதே இடத்தில்தான் அறுந்திருக்கிறது என்று சொன்னார்கள். உன் அம்மா இடது கையால் தூரைப் பிரித்தார். காலனியில் பெயின்ட் டப்பா, ஓட்டைக் குடம், பாத்ரூம் பக்கெட் என்று கிடைத்ததில் எல்லாம் நட்டு வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார். கோவிந்தம்மாள் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். கூப்பிட்டாலும் உள்ளே வரவில்லை.

"எனக்கு ஒண்ணு குடு க்கா" என்றாள்.

உன் அம்மா எழுந்து வாசலுக்கு வந்தார். "இத்தயாவது மெரிக்காத" என்று ஒரு டப்பாவை நீட்டினார்.

கடைசியாக, தன் வீட்டு வாசலில் நீல டிரம்மில் ஒரு நெல்லுச் செடியை வைத்து, அதற்குச் சிவப்பு நூலை நன்றாகத் தெரிகிற மாதிரி சுற்றி முடிச்சுப் போட்டார்.

"அக்கா கட்டாதன்னு சொல்லிச்சே அத்தே" என்றேன்.

"அவ செடிக்கிதான கட்டாதன்னா. இது அவளுது இல்ல."

அது சடையப்பன் வயலில் எப்போதோ கூலியோடு கிடைத்த விதைநெல்லில் முளைத்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சர்ச்சுக்குப் போயிருந்தபோது மோகன்குமார் ஆட்களோடு வந்தான். காலனி காலியாக இருக்கும் என்று தெரிந்துதான் வந்தார்கள். விலா எலும்பு ஆறாததால் ஏசுதாஸ் மட்டும் வீட்டில் படுத்திருந்தான். கிரிக்கெட் ஸ்டம்பால் அடித்திருக்கிறார்கள். அவனுக்கு இடது காது இனிமேல் கேட்காது, நிஷா. இது உன்னிடம் யாரும் சொல்லாதது. டி.வி.யை உடைத்தார்கள், உன் போட்டோவை உடைத்தார்கள். கடைசியில் டிரம்மைப் பார்த்தார்கள். மோகன்குமார் அந்தச் செடியை வேரோடு பிடுங்கி, முறுக்கி, சாக்கடையில் தலைகீழாகச் சொருகி, குதிகாலால் மிதித்தான் என்று ஏசுதாஸ் சொன்னான். பிறகு, "எங்க நைனா கைக்கி இது சரியாப்போச்சி" என்று சொல்லிவிட்டுப் போனானாம். எதிர்வீட்டுப் பெயின்ட் டப்பா அவன் காலில் தட்டி உருண்டிருக்கிறது. அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாங்கள் வந்து நிமிர்த்தி வைத்தோம்.

இரண்டு பக்கமும் வழக்கு நடக்கிறது. வன்கொடுமைச் சட்டத்தில் மோகன்குமாரையும் டிரைவரையும் பிடித்திருக்கிறார்கள். அக்கா மேல் கொலை முயற்சி. மருந்தடிக்க ஆள் இல்லாமல் சடையப்பன் வயல் முழுக்கக் கருகிவிட்டது. கன்னியப்பன் குத்தகையை ரத்து செய்துவிட்டார்.

போன வாரம் அக்காவைப் பார்க்கப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றதும் கேட்டாள்:

"துளுத்துதா?"

துளிர்த்ததையும், வீட்டுக்கு வீடு வைத்ததையும், டிரம்மையும் சொன்னேன். சிரித்தாள். ஏசுதாஸ் காதைச் சொன்னேன். சிரிப்பு நின்றுபோயிற்று. கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். போலீஸ்காரம்மா நேரமாகிவிட்டது என்று சொன்ன பிறகுதான், "அம்மா கை எப்பிடி கீது?" என்றாள்.

வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். எதை முதலில் கேட்டாள் என்று கேட்டார். நான் பொய் சொல்லவில்லை.

உன் அம்மா எழுந்து போய் எதிர்வீட்டு டப்பாவைப் பார்த்தார். அன்றைக்கு உருண்டதில் ஒரு பக்கமாகச் சாய்ந்தாலும் தண்டு தடித்திருக்கிறது, கதிர் வயிற்றுக்குள் இருக்கிறது. கட்டுப்போட்ட கையை இடது கையால் தாங்கிக்கொண்டு, அது காற்றில் சாயாமல் இருக்க ஒரு செங்கல்லைக் காலால் நகர்த்தி முட்டுக்கொடுத்தார்.

"அடுத்த வாட்டி போவசொல்ல கதிரு வந்துடும்னு சொல்லு" என்றார். "என் கையப் பத்தி கேட்டா மட்டும் சொல்லு."

நீ அக்காவுக்கு எழுதினால் இதையெல்லாம் எழுதாதே, சிறையில் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். மற்ற டப்பாக்கள் எந்தெந்த வீட்டில் இருக்கின்றன என்று நான் உனக்கும் எழுதவில்லை, கவனித்திருப்பாய்.

கலைச்செல்வன்